டின்னர் எத்தனை மணிக்கு?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எத்தனையோ பயிற்சி. ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தனியாகக் கோச்சிங், வந்து இறங்கியதும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. இந்த நாட்டில் சாப்பாட்டு வேளைகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், சில சமயம் ஒரே வீட்டுக்குள்ளேயே மாறும். பிரேக்ஃபாஸ்ட் மட்டும்தான் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு. அதற்குப் பிறகு வரும் லஞ்ச், டின்னர், டீ, சப்பர் நான்கும் யார் சொல்கிறார், எந்த ஊர்க்காரர், எந்த வயசு, என்ன வேலை பார்த்தவர் என்பதைப் பொறுத்து வேறு வேறு மணியைக் குறிக்கும். இன்சுலின் போடும் வேலையில் இருப்பவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

நான் முதலில் வேலை பார்த்தது தெற்கே சசெக்ஸில், ஒரு மருத்துவமனை வார்டில். மதியம் வருவது லஞ்ச், மாலையில் வருவது டின்னர் என்று நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் அங்கே பெரும்பாலும் செல்லுபடியானது. எங்கள் வார்டு சிஸ்டர் மட்டும் மாலைச் சாப்பாட்டை சப்பர் என்பார். அவர் “வீட்டுக்கு சப்பருக்கு வா” என்று கூப்பிட்டால் இரவு ஏழரைக்கு, சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து, நிறைவாகச் சாப்பிடுவது என்று அர்த்தம். டின்னர் என்று கூப்பிட்டால் கொஞ்சம் நல்ல துணி உடுத்திக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான் அங்கே நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு கணவருக்கு வேலை மாறி, மேற்கு யார்க்‌ஷருக்கு வந்தோம். வடக்கே பிராட்ஃபோர்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி நர்ஸ் வேலை எனக்கு. கறுத்த மணற்கல் வீடுகள் வரிசையாக மேட்டில் ஏறும் தெருக்கள். அந்த வீடுகளில் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் டின்னர் என்றால் நண்பகல் 12 மணி. சூடாகச் சமைத்த, நாளின் முக்கியச் சாப்பாடு அது. மாலை 5 மணிக்குச் சாப்பிடுவது டீ. பெயர்தான் டீ, தட்டில் இருப்பது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’, பட்டாணி, உருளைக்கிழங்கு, அல்லது பிரெட்டும் ஹாமும் ஊறுகாயும். வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் வாங்கி வந்தால் அது ‘சிப்பி டீ’. இரவு 9 மணிக்குப் படுக்கப் போகுமுன் ஒரு டோஸ்ட், ஒரு டம்ளர் பால் என்றால் அது சப்பர். சசெக்ஸ் சிஸ்டரின் சப்பருக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவே கிடையாது.

அப்படியானால் குடிக்கிற டீயை என்ன சொல்வார்கள்? அதற்கு ‘ப்ரூ’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, “ப்ரூ போடட்டுமா, லவ்?” என்பதுதான். ‘லவ்’ என்பது அந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவது, நம் ஊர்க் கடையில் “வாங்கம்மா” என்பது போல.

இனி ஒரு ஃப்ரிட்ஜ் கதை. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணமே அதுதான்.

ஒரு பெரியவர். கம்பளி ஆலையில் சாயப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு, வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த இன்சுலின். காலைச் சாப்பாட்டோடு 18 யூனிட், மாலைச் சாப்பாட்டோடு 14 யூனிட். தானே இன்சுலின் பேனாவால் போட்டுக்கொள்வார், கை நடுக்கம் எதுவும் இல்லை. ஆனால் சில வாரங்களாகச் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் வியர்க்கிறது, காலெல்லாம் தள்ளாடுகிறது என்றார். ரீடிங் எழுதும் புத்தகத்தைப் பார்த்தால் நான்கு மணிக்கு 3.2, 3.6 என்று இருந்தது. நம் ஊர்க் கணக்கில் 58, 65. இங்கே நாலுக்குக் கீழே போனாலே ஹைப்போ, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது, உடனே கவனிக்க வேண்டும். அதே ஆளுக்கு மறுநாள் காலை 14, 15. நம் கணக்கில் 250, 270. பிற்பகலில் பாதாளம், விடியற்காலையில் மலை உச்சி.

ஊசியை விட்டுவிடுகிறாரா, இரண்டு முறை போட்டுவிடுகிறாரா என்றுதான் முதலில் யோசனை போகும். அவரிடம் மறதியின் அறிகுறி எதுவும் இல்லை. ‘ப்ரூ’ போட அவர் எழுந்தார், நான் பால் எடுத்துக் கொடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் ஒரு பூச்சி வடிவ மேக்னெட்டுக்குக் கீழே கோடு போட்ட தாளில், பெரிய எழுத்தில், அழகான கையெழுத்து:

பிரேக்ஃபாஸ்ட் – 18
டின்னர் – 14

தெற்கே கென்ட்டில் இருக்கும் மருமகள் எழுதி ஒட்டியது. மாமனார் குழம்பக் கூடாதே என்று அக்கறையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு டின்னர் என்றால் இரவு ஏழு மணி. இவருக்குப் பிறந்ததிலிருந்தே டின்னர் என்றால் பகல் பன்னிரண்டரை. தாளில் இருந்ததை அப்படியே செய்திருக்கிறார். காலை எட்டு மணிக்குப் போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் இன்னொரு 14 யூனிட். இரண்டும் சேர்ந்து நான்கு மணிக்கு அவரைக் கீழே இழுத்தன. மாலை டீயில் பிரெட், ஹாம், டின்னில் வரும் பீச் பழம். அதற்கு ஊசியே இல்லை. ராத்திரி முழுக்கச் சர்க்கரை ஏறியது. இரண்டு பேரும் ஒழுங்கானவர்கள், இரண்டு பேரும் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

அவரிடம் “நேற்று டின்னருக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். “சாசேஜ், மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி.” “எத்தனை மணிக்கு?” “டின்னர் நேரத்துக்குத்தான் லவ், வேற எப்போ?” என்றார். மருத்துவருக்குத் தகவல் சொல்லி, மாலை ஊசியை அதற்குரிய வேளைக்கே மாற்றி, ரீடிங்குகளைக் கவனித்தோம். நான்கு மணி வியர்வை நின்றது. மருமகளின் தாளை எடுத்துவிட்டு அவரையே புதிதாக எழுதச் சொன்னேன். என் கையெழுத்தைவிட அவருடைய கையெழுத்தில் இருப்பது நல்லது என்று தோன்றியது. “காலை 8 மணி, பாரிட்ஜ் – 18. மாலை 5 மணி, டீ – 14” என்று எழுதினார். அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் மருமகளுக்காக, ‘ஈவினிங் மீல்’ என்றும் சேர்த்துக்கொண்டோம். டீ என்ற சொல்லைப் பார்த்து அவர் வெறும் கோப்பையோடு நிறுத்திவிடக் கூடாது அல்லவா?

மருத்துவத் துறை இதை அறியாமல் இல்லை. இங்கே மருந்துக் குறிப்புகளில் ‘ஈவினிங் மீல்’ என்ற, வீட்டில் யாரும் பேசாத சொல் அடிக்கடி வரும். டின்னர் என்று எழுதினால் பாதிப்பேர் ஒரு மணிக்கு எடுத்துக்கொள்வார்கள், டீ என்று எழுதினால் மீதிப்பேர் கோப்பையைத் தேடுவார்கள் என்பதால் அந்த வறண்ட சொல்லே பாதுகாப்பு. மருந்துக் கடைகள் அடுக்கித் தரும் வாராந்திர மாத்திரைப் பெட்டிகள் பலவற்றில் காலை, நண்பகல், மாலை, படுக்கும் நேரம் என்றுதான் இருக்கும். சாப்பாட்டின் பெயர் இருக்காது. சிக்கல் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். நாம் வாயால் விளக்கும்போது, உறவினர் வீட்டில் எழுதி ஒட்டும்போது, முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு கேரர் இன்னொரு கேரரிடம் சொல்லிவிட்டுப் போகும்போது, அந்த வறண்ட சொல் உதிர்ந்து, அவரவர் வீட்டுச் சொல் உள்ளே வந்துவிடுகிறது.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராஜா வீட்டிலும் சரி, குடியானவர் வீட்டிலும் சரி, டின்னர் என்பது முற்பகலிலோ நண்பகலிலோதான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லின் வேருக்கே ‘விரதம் முறித்தல்’ என்றுதான் பொருள். பிறகு வசதியானவர்களின் டின்னர் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. 18ஆம் நூற்றாண்டில் பிற்பகல் மூன்று, நான்கு, ஐந்து. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரவு ஏழு, எட்டு. விளக்குகள் பெருகின, வேலையிடம் வீட்டிலிருந்து விலகிப் போனது, தாமதமாகச் சாப்பிடுவது அந்தஸ்தும் ஆனது. காலைக்கும் இரவுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் லஞ்ச் வந்தது. அது போதாமல், பிற்பகலில் கேக்கும் சிறு சாண்ட்விச்சுமாக ‘ஆஃப்டர்நூன் டீ’ 1840 வாக்கில் மேல்தட்டில் பரவியது. பெட்ஃபோர்டு சீமாட்டி ஆன்னாவின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்த நகர்வு எதுவும் நடக்கவில்லை. விடியற்காலையில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு நண்பகலில் வயிறு நிறைய வேண்டும். பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் டைட்டஸ் சால்ட் 1853-ல் திறந்த பெரிய ஆலையும், அதைச் சுற்றி எழுந்த சால்ட்டெய்ர் ஊரும் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கே ஆலைக்கு எதிரிலேயே தொழிலாளர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டியிருந்தார்கள். நண்பகலில் சங்கு ஊதினால் டின்னர். மாலையில் வீடு திரும்பியதும் டீயோடு பிரெட், மிச்சமிருந்த இறைச்சி, ஏதாவது சூடாக ஒன்று. அதுதான் ‘டீ’ என்ற பெயரோடு ஒரு வேளைச் சாப்பாடாக நிலைத்தது. ‘ஹை டீ’ என்று வெளிநாட்டுப் பயணிகள் பெரிய ஓட்டல்களில் கேட்பதும் உண்மையில் இந்த உழைப்பாளிகளின் மாலைச் சாப்பாட்டுப் பெயர்தான். அவர்கள் மனசில் இருப்பது ஆஃப்டர்நூன் டீ.

ஆக, இது வடக்கு, தெற்கு என்ற கோடு மட்டும் இல்லை. தெற்கே லண்டனிலும் உழைக்கும் குடும்பங்களில் மதிய டின்னரும் மாலை டீயும் இருந்திருக்கின்றன. மொழியியலாளர் ஆலன் ராஸ் 1954-ல் ஆங்கிலேய மேல்தட்டுப் பேச்சை மற்றவர்களின் பேச்சிலிருந்து பிரித்துக் காட்டியபோது, சாப்பாட்டுப் பெயர்களும் அந்த அடையாளங்களில் இடம்பெற்றன. இந்த நாட்டில் ஒருவர் எதை டின்னர் என்கிறார் என்பதில் அவருடைய தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதும் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் திருத்தினால் அவ்வளவு சுருக்கென்று தைக்கிறது.

பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் தெற்கத்திக்காரர்களும் வடக்கோடு சேர்ந்துவிடுகிறார்கள். நாடு முழுக்க அது ‘ஸ்கூல் டின்னர்’தான், மதியம்தான்; பரிமாறுகிறவர் ‘டின்னர் லேடி’. இதில் பிராட்ஃபோர்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவளிக்க உள்ளாட்சிகளை அனுமதித்த சட்டம் 1906-ல் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் அந்த ஊரின் எம்பி ஃபிரெட் ஜோவெட்டும், அங்கே கல்விப் பணியாற்றிய மார்கரெட் மெக்மில்லனும் உண்டு. 1907-ல் கிரீன் லேன் பள்ளியில் நகராட்சிச் சமையலறை தொடங்கியது. மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்காரியாக, அந்தத் தெரு வழியாகக் காரில் போகும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

ஒரு முதியோர் இல்லத்தில் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு அம்மா, நெய்த கம்பளித் துணியில் முடிச்சு எடுத்து, அறுந்த இழையைச் சேர்த்துத் தைக்கும் வேலையில் இருந்தவர். அவர் சாப்பிட்டதைக்கூட மறந்துவிடுகிறார், மறதி முற்றுகிறது என்று குறிப்பில் எழுதியிருந்தது. புதிதாக வந்த கேரர் தினமும் ஒன்றரை மணிக்கு “லஞ்ச் சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார். “இல்லையே” என்பார் அந்த அம்மா. நான் போன அன்று பக்கத்தில் உட்கார்ந்து, “டின்னருக்கு என்ன போட்டாங்க?” என்றேன். “இறைச்சியும் உருளைக்கிழங்கும் வச்ச பை. அப்புறம் ரைஸ் புட்டிங். புட்டிங்ல தோல் சரியா வரல.” மேலே படியும் அந்தப் பழுப்பு ஏட்டைச் சொல்கிறார். அவ்வளவு துல்லியம். “அப்போ லஞ்ச் சாப்பிடலைன்னு சொன்னீங்களே?” “லஞ்ச் எல்லாம் ஆபீஸ்காரங்க சாப்பிடறது, லவ். நான் எந்தக் காலத்துல சாப்பிட்டேன்?”

அவருக்கு மறதி இருந்தது உண்மைதான். ஆனால் குறிப்பில் எழுதியிருந்த அளவுக்கு இல்லை. மறதி நோய் வந்தவர்களிடம் பிற்காலத்தில் கற்ற சொற்கள் முதலில் போகும், சின்ன வயசுச் சொல் கடைசிவரை நிற்கும் என்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அவர்களிடம் பேசும்போது அவர்களுடைய சொல்லைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்களை நம் சொல்லுக்கு இழுக்கக் கூடாது. அந்த இல்லத்தில் ஒவ்வொருவரின் குறிப்பேட்டிலும் மதியச் சாப்பாட்டுக்கு அவர் சொல்லும் பெயரை எழுதி வைக்கச் சொன்னேன். எழுதினார்கள். அரை நிமிட வேலை.

சாப்பாட்டு வேளையோடு தட்டில் இருப்பதன் பெயரும் சேர்ந்து குழப்பும். மாவுச்சத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிராட்ஃபோர்டு பக்கம் ‘டீகேக்’ என்றால் சாதாரண உருண்டை பன், அதில் ஹாமோ பேக்கனோ வைத்துச் சாப்பிடுவார்கள். நாட்டின் பெரும்பாலான மற்ற பகுதிகளில் டீகேக் என்றால் உலர்திராட்சை போட்ட இனிப்பு பன். அதே சாதாரண பன் மான்செஸ்டரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, ஷெஃபீல்டில் ‘பிரெட்கேக்’. “நான் புட்டிங்கைத் தொடுவதே இல்லை” என்று ஒருவர் சொன்னால் இனிப்பைச் சொல்கிறார். மாவு, முட்டை, பால் கலந்து சுட்ட யார்க்‌ஷர் புட்டிங் இரண்டை கிரேவி ஊற்றிச் சாப்பிட்டிருப்பார், அது அவர் கணக்கில் வராது. பேரைக் கேட்டு எழுதாதீர்கள், எதால் செய்தது என்று கேளுங்கள்.

டர்ஹாம் பக்கம் வேலைக்குச் சேர்ந்த தென்காசிப் பெண் ஒருத்தி போன வருஷம் போன் செய்தாள்.

“அக்கா, ஒரு பேஷண்ட் பத்து மணிக்கு ‘பெய்ட்’ சாப்பிட்டேன்கிறார். தூண்டில்ல மாட்டுவாங்களே, அதுதானே பெய்ட்? எப்படிக்கா நோட்ல எழுத?”

“என்ன வேலை பார்த்தவர்?”

“சுரங்கத்துல இருந்தாராம்.”

“வேலைக்குக் கட்டிக்கிட்டுப் போற சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் பெய்ட்னு பேரு. பார்ன்ஸ்லிப் பக்கம் போனா அதுவே ‘ஸ்னாப்’. ரெண்டு துண்டு பிரெட்டு, நடுவுல ஏதாவது இருக்கும். என்ன வச்சிருந்தார்னு கேட்டு அதை எழுது.”

“ரிட்டயர் ஆன மனுஷன் இன்னும் பத்து மணிக்கு அதைச் சாப்பிடுறாராக்கா?”

“நாற்பது வருஷம் சாப்பிட்ட வயிறும்மா. அதுக்கு யாரு ரிட்டயர்மெண்ட் கொடுக்கிறது?”

அந்தப் பத்து மணிச் சாப்பாடு தெரியாவிட்டால், மதிய ரீடிங் ஏன் எப்போதும் கூடுதல் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

நம்மவர்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். சசெக்ஸ் வார்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டி வரும், ‘ஈவினிங் மீல்’ என்று தட்டை வைப்பார்கள், அதோடு இன்சுலினும் குறித்திருந்தது. ஒரு நாள் நான் ஊசியோடு போனபோது தட்டு திறக்காமலே இருந்தது. “அம்மா, சாப்பிடலையா?” என்றேன். “இப்ப ஆர் பிள்ளை சாப்பிடுறது? இது தேத்தண்ணி நேரமெல்லே. நான் இரவைக்கு எட்டரைக்குத்தான் சாப்பிடுறனான், மகன் இடியப்பம் கொண்டு வருவார்” என்றார். ஊசியைத் திரும்ப எடுத்துப் போய், மருத்துவரிடம் பேசி, மகன் வரும் நேரத்துக்கு மாற்றினோம். இரண்டே சொல் கொண்ட அந்தக் குறிப்பில் ‘ஈவினிங்’ என்பது வார்டுக்கு ஐந்து மணி, அந்த அம்மாவுக்கு எட்டரை. வறண்ட சொல்லும் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. கடிகார மணிதான் காப்பாற்றும்.

தமிழ்நாட்டுக்காரர்களும் ஒரு சொல்லில் கவனமாக இருங்கள்: டிபன். வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் மதியச் சிற்றுணவுக்கு வைத்த பெயர், மும்பையில் சாப்பாட்டு டப்பாவாகி, நம்மிடம் இட்லி, தோசையாகி நிற்கிறது. “ராத்திரி டிபன்தான்” என்று ஒரு தமிழ்ப் பெரியவர் டயட்டீஷியனிடம் சொன்னால், அவர் ஏதோ கொறிக்கிறார் என்று எழுதிக்கொள்வார்கள். நான்கு தோசை என்று சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தோழி அங்கேயும் பலர் இரவுச் சாப்பாட்டை ‘டீ’ என்கிறார்கள் என்கிறாள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய தலைமுறைக்கு மதியம் டின்னர், இரவு சப்பர். பிரெஞ்சுக்காரர்களும் தப்பவில்லை: பாரிஸில் ‘டெஜுனே’ மதியச் சாப்பாடு, கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் அதுவே காலைச் சாப்பாடு. எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

நான் இப்போது புது நோயாளியிடம் கேட்கும் முறையைச் சொல்கிறேன். “வழக்கமா எப்போ சாப்பிடுவீங்க?” என்று கேட்பதில்லை. அதற்கு எல்லாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். “நேத்து எழுந்ததிலிருந்து சொல்லுங்க, வாயில என்னெல்லாம் போச்சு?” என்று கேட்கிறேன். அவர் தன் சொல்லிலேயே சொல்லிக்கொண்டு போவார், நான் பக்கத்தில் மணியை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வேன். அப்படிக் கேட்கும்போது இரவு ஒன்பது மணி டோஸ்ட்டும் வந்துவிடும், பத்து மணி பிஸ்கட்டும் வந்துவிடும். கடைசியில் மருந்தைச் சொல்லும்போது மணி, தட்டில் இருப்பது, அவர் வைத்திருக்கும் பெயர் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். காலை உணவுக்கு முன் எடுக்க வேண்டிய தைராய்டு மாத்திரைக்கும் இப்படித்தான்: “பிரேக்ஃபாஸ்ட்டுக்கு அரை மணி முன்” என்றால், காலை ஏழு மணி ப்ரூவும் பிஸ்கட்டும் பலருக்கு பிரேக்ஃபாஸ்ட் கணக்கில் சேராது. மாத்திரை அதற்கும் முன்னால், வெறும் தண்ணீரோடு போக வேண்டும்.

வேலைக்கு வெளியிலும் இது கைகொடுக்கும். பாய்லர் ரிப்பேர் செய்கிறவர் “டின்னருக்கு அப்புறம் வரேன்” என்றால் மதியம் ஒரு மணிக்கே வீட்டில் இருங்கள். ராத்திரி வருவார் என்று கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பிள்ளையின் வகுப்புத் தோழி வீட்டிலிருந்து “பள்ளி விட்டதும் டீக்கு அனுப்புங்க” என்றால், பிள்ளை அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டு ஆறு மணிக்குத்தான் வரும். இதைத் தெற்கத்திக்காரர்களும் பிள்ளைகள் விஷயத்தில் அப்படியே சொல்கிறார்கள். வீட்டில் தோசை ஊற்றிக் கொடுத்து அனுப்பினால், அந்த அம்மா சமைத்து வைத்தது வீணாகும். அதே ‘டீ’க்கு உங்களையும் சேர்த்து நாலு மணிக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் கோப்பையும் கேக்கும்தான். எத்தனை மணிக்கு என்று கேட்டாலே விடை பாதி தெரிந்துவிடும். “ஏதாவது கொண்டு வரட்டுமா?” என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். இந்த ஊரில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வடக்கத்திக்காரரும் தெற்கத்திக்காரரும் ஒருவரையொருவர் தினமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இளைய தலைமுறையில் இன்னொரு கலவை. அலுவலகத்தில் லஞ்ச், வீட்டில் டீ, ஓட்டலுக்குப் போனால் டின்னர் என்று ஒரே ஆள் மூன்றையும் பேசுகிறார். அதனால் வடக்கில் வேலை கிடைத்ததும் ‘டின்னர் என்றால் மதியம்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடாதீர்கள். தாத்தாவின் டின்னர் பன்னிரண்டரைக்கும், பேத்தியின் டின்னர் ஏழரைக்கும் ஒரே மேஜையில் நடக்கும் வீடுகள் என் பட்டியலில் இருக்கின்றன.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கேளுங்கள். வாரம் முழுக்க ஒழுங்காக இருக்கும் நேரமெல்லாம் அன்று கலைந்துவிடும். வறுத்த இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷர் புட்டிங் என்று பெரிய சாப்பாடு. சிலர் அதை சண்டே டின்னர் என்பார்கள், சிலர் சண்டே லஞ்ச் என்பார்கள், பிள்ளைகள் வந்து சேர்ந்து உட்காரும்போது மணி இரண்டோ மூன்றோ ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணி டீயை அவர்கள் தொடுவதே இல்லை, ஏழு மணிக்கு ஒரு சாண்ட்விச்தான். கிறிஸ்துமஸ் டின்னரும் அப்படியே. தெற்கிலும் பெரும்பாலும் பகலிலேயே நடக்கும். வார நாள் அட்டவணையை மட்டும் பார்த்து ஐந்து மணி ஊசியைப் போட்டுவிட்டால், சாப்பிடாத வயிற்றில் இன்சுலின் இறங்கும். ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் மருந்தை எப்படி மாற்றுவது என்று டயபடீஸ் டீமிடம் முன்கூட்டியே கேட்டு, அதையும் மணி போட்டு எழுதி, அதே ஃப்ரிட்ஜ் கதவில் இன்னொரு தாளாக ஒட்டச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது; இருபதாம் தேதிக்கு மேல் யாரையும் போனில் பிடிக்க முடியாது.